பீப்பாய் கழுவுகிறவள்

அழுகின இறால் தலை எப்படி நாறும் என்று எங்கள் கடலோர ஊரான லா போகித்தாவில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நடக்கப் பழகும் முன்பே தெரிந்துவிடும். செப்டம்பரில் இறால் பிடிக்கக் கழிமுகத்தைத் திறந்துவிட்டால் வாய்க்காலுக்கு வாய்க்கால் கழி நட்டு வேலி கட்டி, ஆண்கள் வீச்சு வலையோடு இறங்குவார்கள். பெண்கள் வரிசையாக நின்று தலை கிள்ளுவார்கள். உடம்பு பெட்டிக்கு, தலை தண்ணீருக்கு. டிசம்பர் வருவதற்குள் கரையோரம் சிவப்பாய் நுரைத்துக் கிடக்கும். ஐஸ் லாரி ஓட்டும் நானே மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் இறங்குவேன்.

அந்தத் தலையிலிருந்து சபினா ஒரு பிழைப்பை எடுத்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து நாலு பேர் வந்து, இரண்டு வருஷம் எதையோ அளந்து, எதையோ எழுதிக்கொண்டு, பன்னிரண்டு நீலப் பீப்பாய்களை விட்டுவிட்டுப் போனார்கள். ஊரே அதில் மழைத்தண்ணீர் பிடிக்கலாம் என்று பார்த்தது. சபினா மட்டும் விடவில்லை. தலைகளைச் சோளம் அரைக்கிற மில்லில் போட்டு அரைத்தாள். கரும்புப் பாகு ஊற்றினாள். பாலாடைக்கட்டி வடித்த புளித்த தண்ணீரிலிருந்து ஒரு உறை தயாரித்து, ஜாடியில் வைத்து, பிள்ளை வளர்ப்பதைப்போல வளர்த்தாள். உறை ஊற்றி மூடினால் ஐந்து நாள். நல்லபடியாகப் புளித்தால் ஊறுகாய் ஜாடியைத் திறந்த வாசம் வரும். புளிப்பு இறால் ஓட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துவிடும், சதையைத் தின்றுவிடும். மேலே நிற்கிற சிவப்புச் சாறு இறால் பண்ணைக்காரர்களுக்குத் தீனி. மிஞ்சுகிற ஓட்டை ஏழு தண்ணீரில் அலசி வலையில் காயப்போட்டால் வெங்காயத் தோல்போல ஆகிவிடும். அதைக் குவாதலஹாரா நகரத்துக்கு அனுப்புவாள். அங்கே அதிலிருந்து புண்ணுக்கு வைத்துக் கட்டுகிற துணி செய்கிறார்களாம்.

அவள் புருஷன் பௌதேலியோ கெட்டவன் இல்லை என்று ஒரு காலத்தில் நானே சொல்லியிருக்கிறேன். நன்றாகப் பேசுவான். நன்றாகத் தொப்பி வைப்பான். அவர்கள் மகள் நொயெமிக்கு நாசாரியோ என்கிற நான் ஞானத்தகப்பன். அந்த முறையில் சபினாவுக்கு நான் கொம்பாத்ரே, எனக்கு அவள் கொமாத்ரே. எங்கள் பக்கத்தில் அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். அதனால்தான் இதில் நான் யார் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபினா பூசைக்குப் போயிருந்த நேரத்தில், பௌதேலியோ அந்த உறை ஜாடியைத் தூக்கிக்கொண்டு தோன் எவரிஸ்தோவிடம் போய்ச் சேர்ந்தான். தோன் எவரிஸ்தோவுக்கு ஒன்பது கடல் படகு, ஒரு பெரிய இறால் கொட்டகை, ஊர் பாதிக்கு மாந்தோப்பு. என் வயிற்றில் அடித்தவனும் அவன்தான். சொந்தமாக ஐஸ் இயந்திரம் வாங்கிப்போட்டு, பதினாறு வருஷம் ஐஸ் இறக்கிய என் லாரியை ஒரே நாளில் வாசலில் நிறுத்தியவன். இப்போது கொட்டகைக்குப் பின்னால் எவர்சில்வரில் ஒரு தொட்டி கட்டினான். சபினாவின் பீப்பாய்களைப்போல ஐம்பது கொள்ளும். பௌதேலியோ அங்கே ‘மேஸ்திரி’. படுக்கக் கட்டில், மேலே ஓடுகிற விசிறி, சட்டைப்பையில் பெயர் தைத்த உடுப்பு.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். குவாதலஹாராவிலிருந்து ஓடு வாங்குகிற இஞ்சினியர் கல்வான் வந்தபோது, தோன் எவரிஸ்தோ அவரைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனான். பச்சை மிளகாய் அரைத்த எலுமிச்சைச் சாற்றில் ஊறிய இறால், பீர், எல்லாம் மேசையில். கல்வான் கேட்டிருக்கிறார், "இதுவரைக்கும் உங்க வீட்டம்மாதானே எனக்கு அனுப்புனாங்க? வேலை தெரிஞ்சவங்க அவங்கதானே?" பௌதேலியோ சிரித்துவிட்டு, "அவளா? அவ பீப்பாய் கழுவுவா, இஞ்சினியர். வேலை முழுக்க என்னோடது" என்றான். பரிமாறிய பெண் கேட்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் கேட்டது.

நான் போனபோது சபினா முற்றத்தில் தமால் கட்டிக்கொண்டிருந்தாள். சோளமாவுக்குள் முழு இறாலை வைத்து, மீசை வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சோளத்தோலில் சுற்றுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அன்றைக்கு அவள் இறுக்கிக் கட்டியதில் மீசையெல்லாம் ஒடிந்து விழுந்தது.

"கேட்டியா, கொம்பாத்ரே?"

"கேட்டேன்."

"பத்தொம்பது வருஷம். அவன் கால்ல ஆணி குத்துனப்போ முதுகுல தூக்கிட்டு வந்தேன். உறை செத்துப்போகும்னு மழையில ஜாடிக்கு என் சால்வையப் போத்திட்டு நான் நனைஞ்சேன். பீப்பாய் கழுவுறவளாம் நான்."

"விடு, கொமாத்ரே. இன்னொரு உறை போட்டுக்கலாம்."

"போட்டாச்சு. அதுக்கா அழறேன்? கல்வான் ஒரு இடத்துலதான் வாங்குவாராம். பெரிய தொட்டியில முதல் தடவை நல்லா வந்துட்டா அங்கயே கையெழுத்து. அப்புறம் என் ஓட்டை நான் என் தலையில வெச்சுக்கணும்." ஒரு தமாலை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "அவன நாற வைக்கிறேன் பாரு. தெருநாய்கூட மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போகணும். அந்த எவரிஸ்தோவும் சேந்து நாறணும்."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், என் லாரி வாசலில் நின்ற நாளிலிருந்து இப்படி யாராவது சொல்லக் காத்திருந்தேன்.

நாற வைக்க என்ன வழி என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன், கழிமுகம் மூடியிருந்த காலத்தில், வேலை நிற்கிறதே என்று நான் கடல் படகில் வந்த இறால் தலை மூன்று மூட்டை கொண்டுவந்து கொடுத்தேன். பௌதேலியோ பேஸ்பால் பார்க்க மசத்லான் பட்டணம் போயிருந்தான். அவள் வழக்கம்போல அரைத்து உறை ஊற்றினாள். புளிக்கவே இல்லை. நாலாம் நாள் மூடியைத் திறந்தபோது அழுகின முட்டை நூறு உடைத்ததுபோல அடித்தது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. கழிமுகத்து இறால் வலையிலிருந்து நேராக ஐஸுக்கு வரும். கடல் படகில் வாரக்கணக்கில் கிடப்பதால், தலை கறுக்காமலிருக்க ஒரு வெள்ளைப் பொடி கரைத்த தண்ணீரில் முக்குவார்கள். சபினா யோசித்து, அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை வாங்கிவரச் சொல்லி, ஒரு தம்ளர் உறையில் போட்டுப் பார்த்தாள். மறுநாள் உறை செத்துக் கிடந்தது. குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தோம். "அவன்கிட்ட சொல்லாத. அவசரக்காரின்னு ஒரு மாசம் ஏசுவான்" என்றாள். நான் சொல்லவில்லை.

இப்போது எவரிஸ்தோவின் தொட்டிக்குள் போகப்போவது முழுக்கக் கடல் படகுத் தலை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதைவிட லேசான பழிவாங்கல் உலகத்தில் உண்டா?

அக்டோபர் இரண்டாம் வாரம் முதல் படகு கரை சேர்ந்தது. காற்றே இல்லாத வெக்கை, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் வெக்கை. காலை பத்து மணிக்குச் சபினா தமால் வாளியோடு கொட்டகைக்குள் நுழைந்தாள். மகளுக்குச் சாப்பாடு என்று சொன்னாள். நொயெமி அங்கேதான் தலை கிள்ளினாள். அவளோடு இருபது பெண்கள், ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக. நான் வேறொருவனுடைய மீன்பெட்டியை ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். பௌதேலியோ பெயர் தைத்த உடுப்பில், இடுப்பில் கைவைத்து, தலைகளை வண்டியில் அள்ளச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சபினா வாளியைக் கீழே வைத்தாள். பாட்டுப்பெட்டி அலறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அவள் குரல் போனது.

"பௌதேலியோ! இந்தத் தலைய தொட்டியில போடாத. பொடியில முக்குன தலை. உறை செத்துப்போயிடும். புளிக்காது, அழுகிடும். நான் சொல்றேன், போடாத!"

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். இருபது ஜோடிக் கைகளும் நின்றன.

"வந்துட்டா பாரு" என்றான் பௌதேலியோ. "எவ கூப்பிட்டா உன்ன?"

"யாரும் கூப்பிடல. பொண்டாட்டிங்கிற முறையில சொல்றேன். நான் சொல்றபடி செய்."

வரிசையில் ஒருத்தி, வாய் சும்மா இராத ஒருத்தி, ஆரம்பித்தாள். "மேஸ்திரி, வீட்டம்மா உத்தரவு வந்துடுச்சு. என் ஏப்ரன் தரட்டுமா, கட்டிக்கிறீங்களா?"

"பின்னால முடிச்சு நான் போடுறேன்" என்றாள் இன்னொருத்தி. "மேஸ்திரிக்கு வீட்டுல கட்டிக் கட்டிப் பழக்கம்தானே!"

எங்கள் ஊரில் ஆண்பிள்ளையைக் குடிகாரன் என்று சொல்லலாம், திருடன் என்றுகூடச் சொல்லலாம். பெண்டாட்டி பேச்சுக்கு ஆடுகிற ஏப்ரன்காரன் என்று மட்டும் சொல்லக்கூடாது. அந்தப் பெயர் ஒட்டினால் கல்லறை வரை வரும். கொட்டகை முழுக்கச் சிரித்தது. தோன் எவரிஸ்தோ அறைக்கதவைத் திறந்து எட்டிப்பார்த்தான். பௌதேலியோவின் காது சிவந்துவிட்டது.

"வயித்தெரிச்சல்ல உளறாதடி! உன் பன்னெண்டு பீப்பாய் என்ன, என் தொட்டி என்ன! பொடி போட்டாத்தான் தலை கறுக்காம இருக்கும், சாறு நெறமா வரும். டேய், இன்னும் ரெண்டு வாளி பொடி கரைச்சு இந்தத் தலை மேலயே ஊத்துங்கடா. இவ கண்ணு முன்னாடியே ஊத்துங்க!"

ஊற்றினார்கள். சபினா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மகளிடம் நாலு தமாலைக் கொடுத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் லாரிக் கதவை அடித்துச் சாத்தினேன். "என்ன காரியம் பண்ணினே, கொமாத்ரே? கையில இருந்தத தூக்கி அவன்கிட்டயே குடுத்துட்டியே! நல்லவேளை அவன் மடையன், கேக்கல. கேட்டிருந்தா?"

"கேக்கலையே" என்றாள்.

"மனசு எளகிடுச்சா?"

"வண்டிய எடு. வெயில் மண்டையப் பொளக்குது."

வண்டியைக் கிளப்பினேன். பத்தொன்பது வருஷம் வாழ்ந்தவள், ஆத்திரம் வேறு, ஆசை வேறு என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நொயெமி அன்று மாலை வீட்டுக்கு வந்து அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேம்மா. அப்பா பேசுன பேச்சுக்கு வாயத் திறந்திருக்க மாட்டேன். நீ போய்ச் சொன்னியே. கொட்டகையில எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்கம்மா மாதிரி மனசு யாருக்கும் கிடையாதுன்னு." சபினா அடுப்பில் டொர்ட்டியா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "சாப்பிடு" என்றாள்.

நொயெமி தினமும் செய்தி கொண்டுவந்தாள். இரண்டாம் நாள்: "அப்பா புளிப்பு பாக்குற காகிதத்த முக்கி முக்கிப் பாக்குறாரு. நெறமே மாறல." மூன்றாம் நாள்: "பாகு நாலு டின் ஊத்தியிருக்காரு. இருந்த உறையெல்லாம் ஊத்திட்டாரு. பெரிய தொட்டி, நேரமாகும்னு சொல்றாரு. மொகம் பாக்க முடியல." நாலாம் நாள் அழுதாள். "தோன் எவரிஸ்தோ வெள்ளிக்கிழமைக்குச் சாமியாரையும் பேண்டுக்காரங்களையும் கூப்பிட்டாச்சு. கல்வானும் வர்றாரு. அப்பா மூடியத் திறக்கவே பயப்படுறாரு. ஒரு தடவை போய்ப் பாரேம்மா."

"நான்தான் சொல்லிட்டேனே" என்றாள் சபினா. தன் புது உறை ஊற்றிய இரண்டு பீப்பாய்களைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "இது நல்லா வந்திருக்கு."

வெள்ளிக்கிழமை ஊரே கொட்டகையில் கூடியது. தோன் எவரிஸ்தோ வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை. சாமியார் தீர்த்தம் தெளித்தார். பேண்டு வாசித்தது. கல்வான் பேனாவோடும் காகிதத்தோடும் முன்வரிசையில் நின்றார். பௌதேலியோ ஏணியில் ஏறி மூடியின் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தான். கடைசிக் கொக்கியில் அவன் கை நின்றதைப் பார்த்தேன். ஓடிவிடலாமா என்று யோசித்திருப்பான். "திற, மேஸ்திரி!" என்று கீழேயிருந்து எவரிஸ்தோ கத்தினான்.

மூடி எழுந்தது. முதலில் பேண்டில் டியூபா என்கிற பெரிய குழல் ஊதுகிறவனுக்கு மூச்சு முட்டியது. பெரிய மூச்சாக இழுத்திருந்தான், பாவம். அந்த மஞ்சள் குழாய்க்குள்ளேயே வாந்தியெடுத்தான். சாமியார் அங்கியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பௌதேலியோ ஏணியிலிருந்து சரிந்து இறங்கினான். மூடியிலிருந்து வழிந்த கறுப்புச் சாறு பெயர் தைத்த உடுப்பு முழுக்க. எனக்கும் கண் எரிந்தது. ஆனாலும் கடைசி வரை நின்றேன். அந்த நாற்றத்தை நான் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன்.

எவரிஸ்தோ தொட்டியைக் கழிமுகத்தில் திறந்துவிடப் பார்த்தான். வலைக்காரர்கள் முப்பது பேர் குறுக்கே படகைக் கட்டிவிட்டார்கள். கடைசியில் தன் மாந்தோப்பில் தானே குழி வெட்டிக் கொட்டினான். கையெழுத்தாகாத காகிதத்தோடு கல்வான் காரை எடுத்தார். பௌதேலியோவை அப்போதே வாசலில் தள்ளிவிட்டார்கள். உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னான் எவரிஸ்தோ. பிறகு அதைத் தொட யாரும் வராததால் நீயே எடுத்துத் தொலை என்றான்.

கல்வானின் கார் சபினா வீட்டு வேலியோரம் நின்றது. அவள் பீப்பாய்க்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலியோரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, உங்களோட ஓடு எவ்வளவு தர முடியும்?"

"நான் பீப்பாய் கழுவுறவ, இஞ்சினியர். மேஸ்திரியக் கேளுங்க."

"அம்மா, நடந்தது நடந்துபோச்சு..."

"வேலை முழுக்க அவரோடதுன்னு உங்க கிட்டதான சொன்னாரு? நீங்களும் தலையாட்டுனீங்கதான? சாப்பாட்டுக் கடையில என்ன பேசினாலும் இந்த ஊருக்குக் காது உண்டு."

மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மூன்று தடவை கேட்க வைத்தாள். மூன்றாவது தடவை "தயவு பண்ணி" என்றார். அப்புறம்தான் கையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் தன் பெயரை முழுசாக, தகப்பன் வழிப் பெயரும் தாய்வழிப் பெயருமாக எழுதவைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். புருஷன் பெயர் எங்கேயும் வரவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் பௌதேலியோ வந்தான். கழிமுகத்தில் குளித்திருக்கிறான், தலை நனைந்திருந்தது. ஆனாலும் வரும்போதே காற்று சொல்லிவிட்டது. அடுத்த வீட்டு நாய் எழுந்து, மோந்து பார்த்து, தள்ளிப் போய்ப் படுத்தது. வேலிக்கு வெளியே நின்றான். நொயெமி கூடையில் ஈர ஓடு அள்ளிக்கொண்டு வந்தவள், அவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"சபினா" என்றான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். கொம்பாத்ரேயக் கேளு."

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப நீ சொன்னது..."

"நெசம்தான் சொன்னேன். ஒரு வார்த்த பொய்யில்ல. இருபது பேர் சாட்சி."

"இருபது பேருக்கு முன்னாடியா சொல்லுவாங்க? என்னத் தெரியாதா உனக்கு?" அவன் குரல் உடைந்தது. "நொயெமிகிட்ட சொல்லி அனுப்பியிருக்கலாம். நாசாரியோகிட்ட சொல்லியிருக்கலாம். ஒரு ஓரமாக் கூப்பிட்டு, மெதுவா ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

சபினா பீப்பாயைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். நிமிர்ந்து அவனை முழுசாகப் பார்த்தாள். அன்றுதான், அந்த ஆகஸ்ட்டுக்குப் பிறகு முதல் தடவையாக, அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"மெதுவாச் சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பே" என்றாள்.

 அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் அவளை இளகிய மனசுக்காரி என்று நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

நொயெமி கூடையைக் கீழே வைத்தாள். "எல்லார்கிட்டயும் சொன்னேனேம்மா" என்றாள். "உன் மனசு யாருக்கும் வராதுன்னு சொன்னேனே."

"நானா சொல்லச் சொன்னேன்?"

நொயெமி வீட்டுக்குள் போனாள். ஒரு துண்டும், சோப்பும், அப்பாவின் பழைய சட்டையும், தன்னுடைய துணிப்பையுமாக வெளியே வந்தாள். அம்மாவைத் தாண்டிப் போய் வேலிக் கதவைத் திறந்து, துண்டை அவன் தோளில் போட்டாள். இருவரும் கழிமுகத்துப் பாதையில் நடந்தார்கள். அவள் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

சபினா அடுத்த பீப்பாய்க்குள் குனிந்துவிட்டாள். உள்ளேயிருந்து அவள் குரல் கனமாக வந்தது.

"போறவ கதவச் சாத்திட்டுப் போ. நாய் வந்து ஓட்டை இழுத்துடும்."

நொயெமி திரும்பவில்லை. நான்தான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.